படுக்கையறைக்கு ஒரு காவல்: கார்பன் மோனாக்சைடு அலாரம் பார்த்து வாங்குவது

கார்பன் மோனாக்சைடு அலாரத்தைச் சமையலறைக்கு என்று நினைத்து வாங்காதீர்கள். ஆட்கள் படுத்துத் தூங்கும் அறைக்கு என்று நினைத்து வாங்குங்கள். எந்த மாதிரி, எங்கே மாட்டுவது, எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கிருந்துதான் கிடைக்கும். விழித்திருப்பவருக்குத் தலை வலிக்கும், கிறுகிறுக்கும், காற்றாட வெளியே வந்து உட்கார்வார். தூங்குகிறவருக்குத் தலைவலி வந்ததே தெரியாது.

சேவுகம்பட்டி, பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம், வத்தலக்குண்டு பக்கத்து மக்களுக்கு இது குளிர்தேசத்துக் கவலையாகத் தோன்றலாம். மின்விசிறியே போதவில்லை என்று புழுங்குகிற நமக்கு அறையைச் சூடாக்கும் அடுப்பு எதற்கு? ஆனால் கொடைக்கானல் நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அங்கே சின்னப்பள்ளத்தில் ஒரு தங்கும் விடுதிக்குத் திருச்சியிலிருந்து நால்வர் வந்தார்கள். பார்பிக்யூ அடுப்பில் கோழியை வாட்டிச் சாப்பிட்டார்கள். கனல் அடங்காத அடுப்பு இருந்த அறையில் படுத்த இருவர் காலையில் எழவில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில் கேரளத்திலிருந்து போன சுற்றுலாக் குழுவில் எட்டுப் பேர், அவர்களில் நால்வர் குழந்தைகள், ஒரே அறையில் கேஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தாழ்ப்பாள் போட்டுப் படுத்து உயிரிழந்தார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். வண்டியின் ஜெனரேட்டர் புகை உள்ளே ஏறியதுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது.

இந்த மூன்றிலும் நெருப்புப் பற்றவில்லை, எதுவும் வெடிக்கவில்லை, யாரும் கத்தவில்லை. மூடிய இடம், உள்ளே எரிகிற ஏதோ ஒன்று, தூக்கம். இந்த மூன்றும் ஒன்றுசேரும் இடம் உங்கள் வீட்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

முதலில் வீட்டைச் சுற்றி வாருங்கள்

விறகு, கரி, டீசல், பெட்ரோல், சிலிண்டர் கேஸ் என்று எது எரிந்தாலும் போதுமான காற்று கிடைக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது. சிலிண்டர் கேஸில் கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே நாற்றமடிக்கும் மெர்காப்டனைக் கலந்து அனுப்புகிறார்கள். இந்த வாயுவுக்கு அப்படிக் கலந்து அனுப்ப ஆளில்லை. மூச்சில் போனதும் ரத்தத்தின் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். நுரையீரலில் காற்று இருக்கும். உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது.

நம் ஊர்ப்பக்கம் பலரிடம் உள்ள தவறான நம்பிக்கை ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘புகை அடங்கட்டும், தணல் ஆனதும் உள்ளே கொண்டுபோகலாம்’ என்பார்கள். புகை என்று கண்ணுக்குத் தெரிவது கரித்துகளும் ஈரமும்தான். செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும் கரியில் அது அடங்கியிருக்கும், கார்பன் மோனாக்சைடு மட்டும் தாராளமாக வந்துகொண்டிருக்கும். விறகுப் புகையாவது இருமல் கொடுத்து விரட்டும். தணல் அதைக்கூடச் செய்யாது.

தென்னை சூழ்ந்த நம் வட்டாரத்தில் கொட்டாங்குச்சிக்கும் மட்டைக்கும் பஞ்சமில்லை. பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டியதும் கதவைச் சாத்தி, கொட்டாங்குச்சித் தணலில் சாம்பிராணி போட்டு, தாய்க்கும் சிசுவுக்கும் தலை உலர்த்துகிற பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. குளிர்காற்று படக்கூடாது என்று ஜன்னலும் அடைபட்டிருக்கும். சாம்பிராணிப் புகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடியில் இருக்கும் தணலைப் பற்றிப் பேசுவதில்லை. வயிற்றுப் பிள்ளையும் கைக்குழந்தையும் இந்த வாயுவுக்குப் பெரியவர்களைவிட எளிதில் ஆட்படுகிறவர்கள். தலை உலர்த்தியே ஆகவேண்டும் என்றால் கதவைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் தூபக்காலை முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். ‘கொஞ்ச நேரம் கதகதன்னு இருக்கட்டும்’ என்று கட்டிலுக்கடியில் தள்ளிவைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

அடுத்து, கேஸ் கீசர். நாலடிக்கு ஐந்தடிக் குளியலறைக்குள் கேஸ் கீசரை மாட்டி, பல்லி வருகிறதென்று வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்த வீடுகள் உண்டு. பர்னர் எரிய எரிய அறையின் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறையக் குறையச் சுடர் மஞ்சளாகும், வாயு ஏறும். உள்ளே குளிப்பவர் சுருண்டு விழுவார். வெளியே இருப்பவர்கள் வலிப்பு என்றோ மாரடைப்பு என்றோ நினைத்துக்கொள்வார்கள். இதற்கு அலாரம் மருந்தல்ல. கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டி, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் ஒரு நாள் வேலை.

வத்தலக்குண்டுக் கடைவீதி மாதிரி, கீழே ஷட்டர் கடையும் மேலே குடும்பமும் இருக்கும் கட்டடங்களில் ஜெனரேட்டரைப் படிக்கட்டுக்கு அடியில் வைத்திருப்பார்கள். மின்சாரம் போனதும் புகை படிக்கட்டு வழியே மாடிக்குத்தான் போகும். இஸ்திரிக் கடையைப் பூட்டும்போது மிச்சக் கரியோடு பெட்டியை உள்ளே வைத்துவிட்டு அங்கேயே படுப்பவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

ஓட்டு வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் இங்கே பெரிய வித்தியாசம் உண்டு. ஓட்டு இடுக்கு வழியாகவும் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகவும் பழைய வீடு தானாகவே மூச்சுவிட்டது. ஏசிக்காக ஜன்னலை ரப்பர் வைத்து அடைத்த கான்கிரீட் அறையில் காற்று மாற வழியில்லை. அதே கரிச்சட்டி, அதே குடும்பம், ஆனால் ஆபத்து பல மடங்கு. புது வீடு கட்டிய பிறகுதான் அலாரம் தேவைப்படுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உண்மை அதுதான்.

கடையில் கேட்கவேண்டிய ஒரே கேள்வி

திண்டுக்கல்லிலோ மதுரையிலோ மின்சாதனக் கடையில் இந்த உரையாடல் வழக்கமாக இப்படித்தான் போகும்.

“அண்ணே, கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கா?”

“கேஸ் டிடெக்டர்தானே தம்பி? இருக்கு. எல்லா கேஸுக்கும் அடிக்கும்.”

எல்லா வாயுவுக்கும் அடிக்கும் என்று யாராவது சொன்னால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சிலிண்டர் கேஸ் கசிவைக் காட்டும் கருவி. அது நல்ல கருவிதான், சமையலறையில் இருக்கவேண்டியதுதான். ஆனால் அது தேடுவது புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களை. அவை காற்றைவிடக் கனமானவை, தரையோடு தவழும். அதனால்தான் அந்தக் கருவியைத் தரைக்கு ஓரடி உயரத்தில் மாட்டச் சொல்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு காற்றைவிடச் சற்றே லேசு, அறை முழுதும் கலந்து நிற்கும். அதை உணர வேறு சென்ஸர் வேண்டும். சமையலறைச் சுவரில் பச்சை விளக்கோடு இருக்கிற கேஸ் டிடெக்டரை நம்பி, பக்கத்து அறையில் தணலோடு படுப்பவருக்கு அந்தக் கருவியால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, “இதற்குள் இருப்பது எலெக்ட்ரோகெமிக்கல் சென்ஸரா?” என்பதுதான். கடைக்காரருக்குத் தெரியாமலிருக்கலாம், அது அவர் குற்றமில்லை. பெட்டியிலோ உள்ளே இருக்கும் கையேட்டிலோ எழுதியிருக்கும். இந்த வகை சென்ஸரில் வாயு பட்டதும் சிறு மின்னோட்டம் பிறக்கும். வாயு கூடினால் மின்னோட்டமும் அதே அளவில் கூடும். பேட்டரியில் வருடக்கணக்கில் ஓடும். மலிவான கருவிகளில் இருப்பது சூடேற்றி வேலை வாங்கும் செமிகண்டக்டர் சென்ஸர். தாளிக்கும் நெடி, சாராய ஆவி, பெயின்ட் தின்னர் என்று பலவற்றுக்கும் அது கத்தும். பத்து முறை பொய்யாகக் கத்தினால் வீட்டில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். பதினோராவது முறை உண்மையாக இருக்கும்.

நம் மாவட்டத்துப் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் எம்கியூ-7 என்ற சென்ஸரையும் ஆர்டுயினோ என்ற சிறு மின்சுற்றுப் பலகையையும் வைத்து இந்த அலாரத்தைச் செய்முறையாகச் செய்வார்கள். கற்றுக்கொள்ள அருமையான வேலை, செய்கிற பிள்ளைகளை ஊக்கப்படுத்துங்கள். ஆனால் அளவுத்திருத்தம் செய்யாத அந்தக் கருவியைப் பாட்டி படுக்கும் அறைக்குக் காவலாக வைக்கவேண்டாம்.

பெட்டியின் பின்புறத்தைப் படியுங்கள்

முன்புறத்தில் சிரிக்கும் குடும்பத்தின் படம் இருக்கும். விஷயம் பின்புறத்தில். இரண்டு தர எண்களில் ஒன்று அங்கே இருக்கவேண்டும்: ஐரோப்பியத் தரமான ஈஎன் 50291, அல்லது அமெரிக்கத் தரமான யூஎல் 2034. ஐரோப்பிய எண்ணுக்குப் பின்னால் ‘-1’ என்றிருந்தால் வீட்டுக்கு. ‘-2’ என்றிருந்தால் கேரவன், படகு போன்ற ஓடும் வாகனங்களுக்கு.

இந்தத் தரங்கள் எதைக் கேட்கின்றன என்று தெரிந்தால் கருவியின் நடத்தை புரியும். காற்றில் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு இந்த வாயு என்பதே பிபிஎம் கணக்கு. ஐரோப்பியத் தரப்படி 50 பிபிஎம் இருந்தால் 60 முதல் 90 நிமிடங்களுக்குள், 100 இருந்தால் 10 முதல் 40 நிமிடங்களுக்குள், 300 இருந்தால் 3 நிமிடங்களுக்குள் கத்தவேண்டும். அமெரிக்கத் தரப்படி 70 பிபிஎம்முக்கு 1 முதல் 4 மணி நேரம், 150க்கு 10 முதல் 50 நிமிடம், 400க்கு 4 முதல் 15 நிமிடம். உடனே கத்தவில்லையே என்று கருவியைக் குறை சொல்லக்கூடாது. ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதைக் கணக்கிட்டுத்தான் அது கத்துகிறது. 400 பிபிஎம் உள்ள அறையில் ஓரிரண்டு மணி நேரத்தில் தலைவலி வரும், மூன்று மணி நேரத்துக்கு மேல் உயிருக்கு ஆபத்து. அலாரம் அதற்கு வெகுமுன்பே எழுப்பிவிடும்.

இரண்டில் எது நமக்கு? என் சிபாரிசு ஐரோப்பியத் தரம். குறைந்த அளவிலேயே, சீக்கிரமே கத்துகிறது. முதியோரும் இதய நோயாளியும் கர்ப்பிணியும் இருக்கிற வீட்டுக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

தர எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதும் உண்மை. ‘சிஇ’ என்ற இரண்டெழுத்தை மட்டும் நம்பாதீர்கள். வெளியார் சோதித்ததற்கான அடையாளம் வேண்டும்: பிரிட்டனின் கைட்மார்க், அமெரிக்காவின் யூஎல் போன்ற முத்திரைகள். யூஎல் முத்திரை உண்மையா என்று அந்த அமைப்பின் இணையப் பட்டியலில் நிறுவனப் பெயரையும் மாதிரி எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். பிரிட்டனில் ‘விச்’ என்ற நுகர்வோர் அமைப்பு 2016இல் இணையச் சந்தைகளில் விற்ற மலிவு அலாரங்களை வாங்கிச் சோதித்தபோது, சில கருவிகள் வாயு நிறைந்த இடத்திலும் ஒழுங்காகக் கத்தவில்லை. அத்தனை கட்டுப்பாடு உள்ள நாட்டிலேயே அப்படி. ஒரே உருவம், ஒரே வெள்ளை வட்டம், பத்து வெவ்வேறு பெயர்கள், விலை மட்டும் மிகக் குறைவு என்று இணையத்தில் கண்டால் தாண்டிப் போய்விடுங்கள். ஹனிவெல், ஃபர்ஸ்ட் அலர்ட், ஃபயர்ஏஞ்சல் போன்று இந்தத் துறையில் நெடுநாளாக இருக்கும் பெயர்களிலும், வாங்கும் அந்த மாதிரிக்கு முத்திரை இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். பெயர் மட்டும் போதாது.

இறக்குமதிப் பொருளானால், பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி இறக்குமதியாளரின் பெயர், முகவரி, மாதம்-வருடம், அதிகபட்ச விலை, புகார் தொடர்பு எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். அந்தச் சீட்டு இல்லாத பெட்டியை வாங்கினால் நாளை கேட்க ஆளில்லை.

தயாரித்த தேதியைக் கட்டாயம் பாருங்கள். சென்ஸருக்கு ஆயுள் உண்டு. மாதிரியைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்து வருடம். கிடங்கில் மூன்று வருடம் கிடந்த சரக்கைத் தள்ளுபடியில் வாங்குவது லாபமல்ல. வாங்கியதும் ‘மாற்றவேண்டிய வருடம்’ என்று மார்க்கர் பேனாவால் கருவியின் முகத்திலேயே எழுதிவிடுங்கள். சோதனைப் பொத்தானை அழுத்தினால் ‘கீ...’ என்று சத்தம் வரும். அது ஒலிப்பானும் மின்சுற்றும் வேலை செய்வதற்குத்தான் சாட்சி; பெரும்பாலான கருவிகளில் சென்ஸர் உயிரோடு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. ஆகவேதான் தேதி முக்கியம்.

நமக்கென்று ஒரு கவலை உண்டு, வெளிநாட்டுக் கையேடுகள் இதை அழுத்திச் சொல்வதில்லை. வெயில். பல மாதிரிகளுக்கு ‘இயங்கு வெப்பநிலை 0 முதல் 40 பாகை’ என்று போட்டிருப்பார்கள். சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் கீழே அந்த 40 சாதாரணமாகத் தாண்டிவிடும். சென்ஸருக்குள் இருக்கும் திரவம் நாள்பட்ட வெப்பத்தில் உலர்ந்துபோகக்கூடும். 45, 50 பாகை வரை தாங்கும் என்று கையேட்டில் எழுதியிருக்கிற மாதிரியைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கூரையடியில் மாட்டாமல், வீட்டிலேயே குளிர்ச்சியான உட்சுவரில் மாட்டுங்கள்.

பேட்டரியா, பிளக்கா, வெளிநாட்டிலிருந்து வந்ததா

பேட்டரியில் ஓடுவதுதான். பிளக்கில் மட்டும் ஓடும் கருவி மின்சாரம் போனதும் செத்துவிடும். ஜெனரேட்டரும் கரியும் வேலைக்கு வருவது அப்போதுதானே. கழற்ற முடியாத, ஆயுள் முழுதுக்கும் வரும் லித்தியம் பேட்டரி வைத்த மாதிரி கிடைத்தால் இன்னும் நல்லது. டிவி ரிமோட்டுக்கு என்று யாரும் உருவிக்கொண்டு போகமுடியாது. வைஃபை, செல்போன் செய்தி எல்லாம் வேண்டுமென்பவர் வாங்கிக்கொள்ளலாம், தூங்குகிறவரை எழுப்ப 85 டெசிபல் சத்தம் போதும். எண் காட்டும் திரை உள்ள மாதிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். அதிகபட்சம் எவ்வளவு ஏறியது என்பதை நினைவில் வைத்திருக்கும். எந்த அடுப்பு, எந்த நேரம் என்று கண்டுபிடிக்க உதவும். புகை அலாரமும் இதுவும் சேர்ந்த இரட்டைக் கருவி நம் வீடுகளுக்கு வேண்டாம். சாம்பிராணிக்கும் ஊதுபத்திக்கும் கத்திக் கத்தி நம்பிக்கையை இழக்கும்.

டொரான்டோவிலோ லண்டனிலோ உறவினர் இருந்தால் வாங்கி வரச் சொல்லலாம், அங்கே இது வீடுகளில் பழக்கமான பொருள். ஒன்டாரியோவில் உட்ஸ்டாக் என்ற ஊரில் 2008இல் ஒரு குடும்பமே இந்த வாயுவில் இறந்தது. அதைத் தொடர்ந்து எழுந்த முயற்சியால், எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் அலாரம் 2014இல் கட்டாயமானது. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், சமையல் கேஸ் அடுப்பு நீங்கலாக எரிபொருள் சாதனம் பொருத்திய அறைகளில் வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளரே அலாரம் வைத்துக் கொடுக்கவேண்டும். ஆனால் கனடா, அமெரிக்கப் பிளக் மாதிரிகள் 120 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். ‘பேட்டரி மாதிரி மட்டும், புதுசு மட்டும்’ என்று சொல்லிவிடுங்கள். அங்கே கழற்றிப்போட்ட பழைய கருவி அன்போடு வந்தாலும் வேண்டாம்.

மாட்டும் இடம்

படுக்கையறையில் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், படுத்திருப்பவரின் மூக்குக்கும் நிற்பவரின் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம் சரி. பாயில் படுக்கிற வீட்டிலும் இதே உயரம் போதும். வாயு அறை முழுதும் பரவி நிற்பதால் தரையோடு மாட்டவேண்டியதில்லை. எரியும் சாதனம் இருக்கும் அறையிலேயே வைப்பதானால் அதிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமலும் மூன்று மீட்டருக்கு மிகாமலும், கதவு ஜன்னலின் மேல்மட்டத்தைவிட உயரத்தில் வையுங்கள். திரைச்சீலைக்குப் பின்னால், பீரோ மேல், ஏசி காற்று நேராக அடிக்கும் இடம், ஜன்னல் ஓரம், ஈரமான குளியலறை, இவை ஆகாது. விறகடுப்பு எரியும் சமையலறையிலும் வேண்டாம். அங்கே தினமும் கத்தும், தினமும் நிறுத்துவீர்கள். அந்தச் சமையலறைக்குத் தேவை புகைபோக்கியும் எதிரெதிர் ஜன்னலும். அலாரம், அதை ஒட்டிய அறையில்.

இன்வெர்ட்டர் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி மாட்டுங்கள். இது நம் வீடுகளுக்கே உரிய சிக்கல். தண்ணீர் ஊற்றும் இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும், கார்பன் மோனாக்சைடு சென்ஸர் அதையும் கார்பன் மோனாக்சைடு என்றே எடுத்துக்கொள்ளும். மின்வெட்டு முடிந்து சார்ஜ் ஏறும் நேரத்தில் மட்டும் கருவி கத்துகிறது என்றால் பேட்டரியைப் பாருங்கள். அதற்காக ‘அது சும்மா கத்துது’ என்ற முடிவுக்கு வராதீர்கள். படுக்கையறையில் ஹைட்ரஜன் தேங்குவதும் நல்லதல்ல, பேட்டரியைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

கருவியைச் சோதிக்கிறேன் என்று ஊதுபத்தியைப் பக்கத்தில் பிடிப்பதும், பைக் சைலன்ஸரில் காட்டுவதும் வேண்டாம். சென்ஸர் கெடும், உங்கள் மூச்சுக்கும் கேடு.

அலாரம் மௌனமாக இருந்தால் காற்று சுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவு, ஒரு நாள் சராசரியாகக் கனமீட்டருக்கு 4 மில்லிகிராம். ஏறத்தாழ மூன்றரை பிபிஎம். அலாரங்கள் 30 பிபிஎம் வரை பேசாமலே இருக்கும். உயிர் போகாமல் காப்பதுதான் அவற்றின் வேலை. தினமும் விறகடுப்பு முன் உட்காரும் அம்மாவின் தலைவலியை அவை கண்டுகொள்ளாது. அதேபோல் கிணறு, செப்டிக் டேங்க் போன்றவற்றில் ஆளை இறக்கும் முன் சோதிக்க இந்த வீட்டுக் கருவி உதவாது. அங்கே வேறு வாயுக்களும் உண்டு, ஆக்சிஜன் இல்லாமையும் உண்டு.

கொடைக்கானல், தாண்டிக்குடிப் பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நம் வட்டாரத்துக்காரர்கள் பலருக்கு அங்கே காட்டேஜ் இருக்கிறது, பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். அறைக்கு ஒரு அலாரம் மாட்டுங்கள். அடுப்பைக் கொடுக்கும்போதே ‘வெளியில்தான்’ என்று சொல்லிக் கொடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் நீங்களே போய்க் கரியில் தண்ணீர் ஊற்றி அடுப்பை எடுத்து வந்துவிடுங்கள். குளிருகிறது என்று கேட்டால் கம்பளி கொடுங்கள், கரி கொடுக்காதீர்கள்.

கத்தினால்

பேட்டரி தீர்ந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை போல ‘கிக்’ என்று ஒற்றைச் சத்தம் வரும். வாயு இருந்தால் பெரும்பாலான மாதிரிகளில் நான்கு முறை தொடர்ந்து கத்தி, சற்று விட்டு, மறுபடி நான்கு. வீட்டிலுள்ள எல்லாருக்கும், முக்கியமாகப் பெரியவர்களுக்கு, இரண்டு சத்தத்தையும் கையேட்டைப் பார்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

நான்கு சத்தம் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று தேடாதீர்கள். எல்லாரையும் தட்டி எழுப்பி வாசலுக்குக் கொண்டுவாருங்கள். தலைகளை எண்ணுங்கள். போகிற வழியில் கைக்கு எட்டினால் கதவைத் திறந்து விடலாம், அதற்கென்று உள்ளே நிற்கவேண்டாம். வெளியே வந்ததும் யாருக்காவது தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், குழப்பம் இருந்தால் 108ஐ அழையுங்கள். ஒரே நேரத்தில் வீட்டில் எல்லாருக்கும் தலைவலி, ஆனால் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்பது இந்த வாயுவின் அடையாளம்.

கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. இந்த நேரத்தில் அதை நம்பக்கூடாது. வாயு பிடித்த ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் என்றே அது எண்ணும், 98 என்று காட்டும். மயங்கிக் கிடப்பவரின் விரலில் 98ஐப் பார்த்து ‘ஒண்ணுமில்லை’ என்று படுக்க வைத்துவிட்டால் உயிர் போகும். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஆகவே தெளிந்துவிட்டார் என்றாலும் வத்தலக்குண்டு அரசு மருத்துவமனைக்கோ திண்டுக்கல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே மயக்கம், வாந்தி என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். “மூடின ரூமுக்குள்ள கரி எரிஞ்சுதுங்க டாக்டர்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.